பங்காளிகள் கட்டிய விமானம்

இரு நிறுவனங்கள் இணையும் செய்தியை நாம் வழக்கமாக நாளிதழின் வணிகப் பக்கத்தில்தான் பார்க்கிறோம். கோட்டு அணிந்த இருவர் கைகுலுக்கும் புகைப்படம், பங்கு மாற்று விகிதம், புதிய பெயர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடப்பது செய்தியாவதில்லை. வரைபடங்களுக்கு எண்ணிடும் முறை ஒரு நிறுவனத்தில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் இருக்கும். ஓரிடத்தில் பொறியாளர் கையெழுத்திட்டாலே மாற்றம் செல்லுபடியாகும்; இன்னோரிடத்தில் மூன்று குழுக்களின் ஒப்புதல் வேண்டும். ‘முடிந்துவிட்டது’ என்ற சொல்லுக்கே இரு இடங்களில் இரு பொருள் இருக்கும். திட்ட மேலாண்மை என்று இன்று அழைக்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய சிறு பழக்கங்களின் தொகுப்புதான். இவற்றை ஒன்றாக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்காலத் தொழில் வரலாற்றில் கிடைக்கும் மிகத் துலக்கமான சான்று ஏர்பஸ் ஏ380 விமானம்.

2006ஆம் ஆண்டு இந்த விமானத்தின் தாமதம் உலகச் செய்தியானபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒற்றை வரியில் அடங்கியது: ஜெர்மானியர்கள் ஒரு மென்பொருளின் நான்காம் பதிப்பையும் பிரெஞ்சுக்காரர்கள் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தினார்கள், அதனால் வயர்களின் நீளம் போதாமல் போயிற்று. கணினித்துறையினர் தமக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் கதைகளுள் ஒன்றாகவும் அது ஆகிவிட்டது. கதை பொய்யல்ல. ஆனால் நாம் நின்று யோசிக்கவேண்டிய இடத்தை அந்த ஒற்றை வரி வேகமாகக் கடந்துபோய்விடுகிறது. ஒரே நிறுவனத்தில், ஒரே விமானத்துக்காக, ஆண்டுக்கணக்கில் இரு பதிப்புகள் புழங்கின என்றால் அதை எவருமே கவனிக்கவில்லையா? கவனித்தவர்களால் ஏன் நிறுத்த முடியவில்லை? இதற்கு விடை தேட ஒரு நாற்பது ஆண்டுகளாவது பின்னால் போகவேண்டியிருக்கிறது.

*

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவில் நல்ல விமானங்களுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டனின் காமெட், பிரான்சின் காரவெல் இரண்டுமே தம் காலத்தில் முன்னோடிகள். பஞ்சமெல்லாம் சந்தைக்குத்தான். அமெரிக்க நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் விற்றபோது ஐரோப்பிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் நாட்டு அரசு விமான சேவையை நம்பிச் சில பத்துகளில் விற்றுக்கொண்டிருந்தன. சேர்ந்து கட்டினால்தான் பிழைக்கமுடியும் என்பது அறுபதுகளின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எப்படிச் சேர்வது என்பதில்தான் சிக்கல்.

முதல் பெரிய முயற்சி கான்கார்ட். 1962 நவம்பர் 29 அன்று பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டன. எல்லாவற்றிலும் சரிபாதி என்பதே அதன் ஆதார விதி. எனவே துலூஸில் ஒன்று, பிரிஸ்டலை அடுத்த ஃபில்டனில் ஒன்று என இரண்டு அசெம்ப்ளி கூடங்கள் எழுந்தன. கடைசியில் கட்டப்பட்டவை, சோதனை விமானங்களையும் சேர்த்து, மொத்தம் இருபதே. இருபது விமானங்களுக்கு இரண்டு கூடங்கள்! பெயரிலும் தகராறு இருந்தது. பிரெஞ்சு எழுத்துமுறைப்படி இறுதியில் ஓர் ‘இ’ வேண்டுமா, ஆங்கில முறைப்படி வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி. 1967இல் துலூஸில் முதல் விமானம் பார்வைக்கு வைக்கப்பட்டபோது பிரிட்டனின் தொழில்நுட்ப அமைச்சர் டோனி பென் அந்த எழுத்து இருக்கும் என்று அறிவித்தார். உள்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியதும் அது மேன்மையையும் இங்கிலாந்தையும் ஐரோப்பாவையும் நல்லுறவையும் குறிக்கும் எழுத்து என்று விளக்கம் தந்தார். நான்கும் ஆங்கிலத்தில் அந்த எழுத்தில் தொடங்குபவை. ஓர் எழுத்துக்கே இவ்வளவு சமாதானம் தேவைப்பட்டது என்றால் ஒரு திருகாணிக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஏர்பஸ் பிறந்தது இந்த அனுபவத்தின் பின்னணியில்தான். 1969 மே 29 அன்று பாரிஸ் விமானக் கண்காட்சியில் பிரெஞ்சு, ஜெர்மன் அமைச்சர்கள் ஏ300 விமானத்துக்கு ஒப்பமிட்டனர். பிரிட்டன் அதற்குச் சற்று முன்புதான் விலகியிருந்தது. ஆனால் ஹாக்கர் சிட்லி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இறக்கைகளைத் தன் பொறுப்பில் செய்துதர முன்வந்தது. 1970 டிசம்பரில் ‘ஏர்பஸ் இண்டஸ்ட்ரி’ பதிவுசெய்யப்பட்டது. அது நாம் அறிந்த பொருளில் ஒரு நிறுவனம் அல்ல. பொருளாதார நலக் குழுமம் என்று பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு வடிவம் உண்டு. உறுப்பினர்கள் தத்தம் தொழிலைத் தனியே நடத்திக்கொண்டு ஒரு பொதுக்காரியத்துக்கு மட்டும் கூடிக்கொள்ளலாம். பிரான்சின் ஏரோஸ்பாஸியலும் ஜெர்மனியின் டாய்ச்ச ஏர்பஸும் சமபாதியாகத் தொடங்கின. 1971இல் ஸ்பெயினின் காஸா சிறு பங்குடன் வந்தது. 1979இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் 20 சதவீதத்துடன் சேர்ந்தது.

இந்த நால்வரையும் குறிக்க ‘பார்ட்னர்’ என்ற ஆங்கிலச் சொல்லைவிட நம்முடைய ‘பங்காளி’ பொருத்தமாக இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு நிழல் நம் சொல்லில் உண்டு. பங்காளிகளுக்கு ஒரே சொத்தில் உரிமை, ஆனால் அடுப்பு தனி. ஊர்க் காரியம் என்றால் ஒன்றாக நிற்பார்கள். வரப்பை அளக்கும்போது மட்டும் கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொள்வார்கள். ஏர்பஸ் பங்காளிகள் ஒரே சமயத்தில் குழுமத்தின் உரிமையாளர்களாகவும் அதற்குப் பாகங்களை விற்பவர்களாகவும் இருந்தார்கள். ஓர் இறக்கையைச் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். குழுமத்துக்கு விற்கும் விலைதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடு மூன்று பதிற்றாண்டுகள் வெற்றிகரமாக நடந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. அதைச் சாத்தியப்படுத்தியவர்களில் இருவரைக் குறிப்பிடவேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் ரோஜே பெத்தேய், ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் க்ராக்ட். பொதுமொழியாகப் பிரெஞ்சும் வேண்டாம் ஜெர்மனும் வேண்டாம், வாங்கப்போகிறவர்களின் மொழியான ஆங்கிலமே இருக்கட்டும் என்று முடிவுசெய்தவர் பெத்தேய். க்ராக்ட் வேலைப் பங்கீட்டை வகுத்தார். ஒவ்வொரு நாடும் தன் பாகத்தை, உள்ளே செல்லவேண்டிய குழாய்கள், வயர்கள் உட்பட, ஏறக்குறைய முழுமையாக முடித்து அனுப்பவேண்டும்; துலூஸில் அவற்றைப் பொருத்துவது மட்டுமே வேலை.

இதன் நுட்பம் என்னவென்றால், பங்காளிகளுக்கு இடையேயான வரப்பு மிகத் தெளிவாக இருந்தது. ஒரு பாகம் அடுத்த பாகத்தோடு ஒட்டும் விளிம்பின் அளவுகள் சரியாக இருந்தால் போதும். விளிம்புக்கு உள்ளே ஒவ்வொருவரும் தம் வழக்கப்படி எப்படி வேண்டுமானாலும் வேலை செய்துகொள்ளலாம். பழக்கங்களை ஒன்றாக்கவேண்டிய தேவையையே தவிர்த்துவிட்ட ஏற்பாடு அது. 1987இல் பறந்த ஏ320 பெரும் வெற்றிபெற்றது. 1999இல் அந்த ஆண்டின் விற்பனை ஆர்டர்களில் ஏர்பஸ் போயிங்கை முந்தியது.

*

வெற்றியே மாற்றத்தைக் கொண்டுவந்தது. கணக்கு காட்டாத குழுமமாக இனியும் தொடரமுடியாது என்று எல்லோரும் உணர்ந்தார்கள். அமெரிக்காவில் 1997இல் போயிங்கும் மக்டொனல் டக்ளஸும் இணைந்தது ஐரோப்பியத் தலைநகரங்களில் அச்சத்தை விதைத்திருந்தது. 2000 ஜூலை 10 அன்று பிரான்சின் ஏரோஸ்பாஸியல்-மாத்ரா, டெய்ம்லர்கிறைஸ்லரின் விமானப் பிரிவான டாஸா, ஸ்பெயினின் காஸா மூன்றும் இணைந்து ஈஏடிஎஸ் என்ற நிறுவனம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு ஏர்பஸ் குழுமம் என்ற நிலையிலிருந்து ஒரே நிறுவனமாயிற்று. 80 சதவீதம் ஈஏடிஎஸ் கையில், 20 சதவீதம் பிரிட்டிஷ் பங்காளியான பிஏஇ சிஸ்டம்ஸிடம்.

காகிதத்தில் எல்லாம் ஒன்றானது. நடைமுறையில் கான்கார்டின் சரிபாதி விதி மறுபிறவி எடுத்தது. ஈஏடிஎஸ்ஸுக்கு இரண்டு தலைவர்கள், ஒருவர் பிரெஞ்சு, ஒருவர் ஜெர்மன். இரண்டு தலைமை நிர்வாகிகள், அதே கணக்கு. பாரிஸில் ஒரு தலைமை அலுவலகம், மியூனிக்கை அடுத்து ஒன்று. யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று நிறுவனத்தின் சட்டப்பதிவு மட்டும் நெதர்லாந்தில். ஏர்பஸ்ஸுக்குள் பழைய நால்வரும் தேசிய நிறுவனங்கள் என்ற பெயரில் அப்படியே நீடித்தார்கள். ஏர்பஸ் பிரான்ஸ், ஏர்பஸ் டாய்ச்லாந்து, ஏர்பஸ் யூகே, ஏர்பஸ் எஸ்பான்யா. சொத்துப் பத்திரம் ஒன்றாயிற்று. அடுப்புகள் நான்காகவே எரிந்தன.

இதை மடமை என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். இந்தச் சமநிலை இல்லாவிட்டால் இணைப்பே நடந்திருக்காது. பிரெஞ்சு அரசு நிறுவனத்தில் பங்குதாரர். ஜெர்மன் அரசு தன் தொழிலாளர்களின் வேலைகளைக் கழுகுக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தது. எவர் கை ஓங்கினாலும் மற்றவர் எழுந்து போய்விடுவார் என்ற நிலையில் சரிபாதி என்பது மட்டுமே எல்லோரும் ஏற்கக்கூடிய நியாயமாக இருந்தது. இணைப்புக்கு அவசியமாக இருந்த அதே விதி இணைப்பிற்குப் பிறகான வேலைக்கு நஞ்சாயிற்று என்பதுதான் இந்த வரலாற்றின் சிக்கல்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஏ380ஐக் கட்டுவது என்ற முடிவு 2000 டிசம்பர் 19 அன்று எடுக்கப்பட்டது. ஏர்பஸ் ஒரே நிறுவனமாகப் பதிவாகும் முன்பே! உலகின் மிகப்பெரிய பயணி விமானம், இரண்டு முழு அடுக்குகள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கு இடம். மணமேடையிலிருந்து இறங்குவதற்குள் மாடிவீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிய கதைதான். இரு பெருங்காரியங்களில் எதற்கு முதலிடம் என்ற கேள்விக்கு விமானத்துக்கே என்று விடை வந்தது. பழக்கங்களை ஒன்றாக்கும் வேலை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது.

வேலைப் பங்கீடு பழைய முறையிலேயே நடந்தது. முன், பின் உடற்பகுதிகள் ஹாம்பர்க்கில். மூக்கும் நடுப்பகுதியும் பிரான்சின் சான் நசேரில். இறக்கைகள் வேல்ஸின் ப்ராட்டனில். கிடைமட்ட வால் ஸ்பெயினில். செங்குத்து வால் ஜெர்மனியின் ஷ்டாடவில். பாகங்கள் விமானத்தில் ஏற்ற முடியாத அளவுக்குப் பெரியவை. அவற்றுக்கென்றே கட்டப்பட்ட ‘வில் த பொர்தோ’ என்ற கப்பல் துறைமுகம் துறைமுகமாகச் சென்று திரட்டி வந்து பொயாக்கில் இறக்கும். அங்கிருந்து கரோன் ஆற்றில் படகேறி லாங்கோன் வரை. பிறகு சாலை வழியே துலூஸுக்கு 240 கிலோமீட்டர், இரவுகளில் மட்டும். வழியில் லெவிஞ்யாக் என்ற சிற்றூரின் தெருவில், சன்னல்களைக் கைநீட்டித் தொடும் தூரத்தில், உடற்பகுதிகள் ஊர்ந்து செல்லும் புகைப்படங்களைப் பலரும் பார்த்திருக்கலாம். நம் ஊர்த் தேரோட்டத்தை நினைவூட்டும் காட்சி அது. துலூஸில் பொருத்தப்பட்ட விமானம் உள் அலங்காரத்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் மறுபடி ஹாம்பர்க்குக்குப் பறக்கும். அதுவும் பங்கீட்டின் ஒரு பகுதி.

*

இனி வயர்களுக்கு வரலாம். ஒரு ஏ380இல் சுமார் ஒரு லட்சம் வயர்கள், ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. இணைப்பிகள் 40,000க்கும் மேல். வயர்கள் தனித்தனியே செல்வதில்லை. கற்றைகளாகக் கட்டப்பட்டு, விமானத்தின் சுவர்களுக்கும் தளங்களுக்கும் இடையிலான இடுக்குகளில் வளைந்து நெளிந்து செல்லும். எடையைக் குறைப்பதற்காகப் பல இடங்களில் தாமிரத்துக்குப் பதில் அலுமினிய வயர்கள் பயன்படுத்தப்பட்டன. அலுமினியம் தாமிரத்தைப்போல மடங்காது, வளைவை அகலமாக எடுக்கவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் சிறிதளவு கூடுதல் நீளம். இது சேர்ந்து சேர்ந்து கற்றையின் முடிவில் சில சென்டிமீட்டர் ஆகிவிடும். இணைப்பி பொருந்தவேண்டிய துளைக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் வயர் நின்றுவிட்டால் அதை இழுத்து நீட்ட வழியில்லை, கற்றையையே மாற்றவேண்டும்.

க்ராக்ட் வகுத்த வரப்புகள் உடைந்தது இங்கேதான். உலோக உடலைத் துண்டுகளாகப் பிரிக்கலாம், விளிம்பில் அளவு சொல்லிவிடலாம். வயரோ எந்த நாட்டு எல்லையையும் மதிப்பதில்லை. விமானி அறையில் தொடங்கி வால் வரை எல்லாப் பங்காளிகளின் பாகங்களுக்குள்ளும் புகுந்து செல்கிறது. ஒருவர் ஒரு சுவரை இரண்டு விரற்கடை நகர்த்தினால் இன்னொருவரின் வயர் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு விமான சேவையும் தன் பயணிகளுக்கான திரைகளும் விளக்குகளும் இருக்கைகளும் தன் விருப்பப்படி வேண்டுமென்று கேட்டது. மாற்றங்கள் நாள்தோறும் வந்தன.

இவ்வளவையும் ஒரே இடத்தில் காட்டும் கணினி உருமாதிரி இருந்தால் பிழைகள் திரையிலேயே தெரிந்துவிடும். அது புதிய கனவும் அல்ல. போயிங் தன் 777 விமானத்தைத் தொண்ணூறுகளின் முற்பகுதியிலேயே முழுவதும் கணினியில் வடிவமைத்திருந்தது. அதற்குப் பயன்பட்டது கத்தியா என்ற பிரெஞ்சு மென்பொருள், தாஸோ சிஸ்டெம்ஸின் தயாரிப்பு. ஏர்பஸ்ஸிலும் அதே மென்பொருள்தான். ஆனால் பிரான்சும் பிரிட்டனும் அதன் ஐந்தாம் பதிப்புக்கு மாறியிருந்தன, ஜெர்மனியும் ஸ்பெயினும் நான்காம் பதிப்பில் இருந்தன. ஐந்தாம் பதிப்பு பழையதன் மேம்பாடு அல்ல, அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதப்பட்டது. ஒன்றில் வரைந்ததை மற்றதில் திறக்கலாம். திறந்தால் வடிவம் வரும், வடிவத்துக்குப் பின்னால் இருந்த விதிகள் எல்லாம் வருவதில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. மொழிபெயர்ப்பில் சொற்கள் வந்துசேர்ந்துவிடும். அந்தச் சொல்லை ஏன் அங்கே போட்டார் என்பது வந்துசேராது. ஆனால் கவிதையில் அது இழப்பு மட்டும்தான். விமானத்தில் அடுத்தவர் அந்த இழப்பின் மீதே அடுத்த பாகத்தைக் கட்டிவிடுகிறார்.

2005 ஜனவரி 18 அன்று துலூஸில் ஷிராக், ஷ்ரோடர், பிளேர், சபதேரோ ஆகிய நான்கு நாட்டுத் தலைவர்களின் முன்னிலையில் விமானம் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஏப்ரல் 27 அன்று முதற்பறப்பு. விமானம் மிக நன்றாகப் பறந்தது. பறப்பியல் வடிவமைப்பில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஆனால் அசெம்ப்ளி கூடத்தில் வேறொரு காட்சி. ஹாம்பர்க்கிலிருந்து வந்த உடற்பகுதிகள் வயரிங் முடியாமலேயே வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து ஜெர்மன் தொழிலாளர்களும் வந்தார்கள். முதலில் சில நூறு பேர், பின்னர் ஆயிரத்துக்கும் மேல். விடுதிகளில் தங்கி, முறை வைத்து, குறுகிய இடுக்குகளில் உடலை நுழைத்து, கற்றைகளைக் கையால் பிரித்து, அளந்து, மறுபடி கட்டினார்கள். ஓர் இடத்தில் சரிசெய்தால் வேறோர் இடத்தில் பிசகியது. எந்த வரைபடம் கடைசி வரைபடம் என்பதில் இரு நாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஒருமித்த விடை இல்லை.

*

கவனித்தவர்களால் ஏன் நிறுத்தமுடியவில்லை என்று தொடக்கத்தில் கேட்டோம். நிறுத்துவதற்கான அதிகாரம் யாரிடமும் இல்லை என்பதே விடை என்று எனக்குத் தோன்றுகிறது. துலூஸிலிருந்த திட்ட நிர்வாகத்தால் ஹாம்பர்க் வடிவமைப்புக் கூடத்தைப் பார்த்து ‘உன் கருவியை மாற்று’ என்று சொல்லமுடியாது. அது ஒரு மேலாளர் தன் கீழுள்ளவரிடம் சொல்வதாக இருக்காது. பிரான்ஸ் ஜெர்மனியிடம் சொல்வதாகிவிடும். அதேபோல ஹாம்பர்க் தன் சிக்கலைத் துலூஸிடம் ஒப்புக்கொள்வது ஒரு பிரிவின் பின்னடைவாக இராது. அடுத்த விமானத்தின் வேலைப் பங்கீட்டில் ஜெர்மனி இழக்கப்போகும் பங்காகிவிடும். ஆகவே இரு தரப்பும் கண்ணியமாக நடந்துகொண்டன. அறிக்கைகளில் ‘சமாளித்துவிடுவோம்’ என்ற சொல் வந்தது. எல்லாப் பதவிகளும் இரட்டையாக இருந்த அமைப்பில், கெட்ட செய்தி மேலே ஏறும்போது எந்தப் படியிலும் தேசத்தின் மானத்தைத் தொடாமல் ஏறமுடியாது.

எந்த நிறுவன இணைப்பிலும் மென்பொருளும் படிவங்களும் கடைசியாகப் பேசப்படுபவை. கீழ்மட்டச் சங்கதி என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஒருவருடைய கருவியை மாற்றுவது அவருடைய இருபதாண்டுத் தேர்ச்சியைச் செல்லாக்காசாக்குவது. நான்காம் பதிப்பில் கைதேர்ந்த ஹாம்பர்க் வரைவாளர் ஐந்தாம் பதிப்பில் கற்றுக்குட்டி. அவர் தயங்கியதில் வெறும் பிடிவாதம் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

முதல் தாமத அறிவிப்பு 2005 ஜூனில் வந்தது, ஆறு மாதம் என்றார்கள். 2006 ஜூன் 13 அன்று இரண்டாம் அறிவிப்பு, இன்னும் ஆறேழு மாதம். மறுநாள் ஈஏடிஎஸ்ஸின் பங்கு விலை ஒரே நாளில் 26 சதவீதம் சரிந்தது. ஜூலை 2 அன்று ஈஏடிஎஸ்ஸின் இணைத் தலைமை நிர்வாகி நோயல் ஃபொர்ஜாரும் ஏர்பஸ் தலைமை நிர்வாகி குஸ்டாவ் ஹும்பெர்ட்டும் விலகினார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு ஜெர்மானியர். விலகலிலும் சமநிலை! சரிவுக்கு முன்பே பங்குகளை விற்றது குறித்து ஃபொர்ஜார் உள்ளிட்டோர் மீது எழுந்த குற்றச்சாட்டைப் பிரெஞ்சுச் சந்தை ஒழுங்காணையம் விசாரித்து 2009இல் தள்ளுபடி செய்தது.

ஏர்பஸ்ஸுக்கு வெளியிலிருந்து, கண்ணாடி நிறுவனமான சான் கோபானில் பணியாற்றிய கிறிஸ்தியான் ஸ்ட்ரெஃப் அழைத்துவரப்பட்டார். அவர் அக்டோபர் 3 அன்று மூன்றாம் தாமதத்தை அறிவித்தார்: மேலும் ஓர் ஆண்டு. 2010 வரையிலான இலாப இழப்பு 480 கோடி யூரோ என்று மதிப்பிடப்பட்டது. முப்பரிமாண உருமாதிரி காலந்தாழ்ந்து நடைமுறைக்கு வந்ததும் அதில் வேலைசெய்தவர்கள் இன்னும் கற்கும் நிலையில் இருந்ததுமே மூலகாரணம் என்று அந்த அறிவிப்பு ஒப்புக்கொண்டது. தனக்குப் போதிய அதிகாரம் தரப்படவில்லை என்று கருதிய ஸ்ட்ரெஃப் பதவியேற்ற சுமார் நூறு நாட்களில், அடுத்த வாரமே, விலகினார். லூயி கல்வா பொறுப்பேற்றார்.

அடுத்த மாதம் ஃபெடெக்ஸ் தன் பத்துச் சரக்கு விமானங்களுக்கான ஆர்டரை ரத்துசெய்து போயிங்கிடம் சென்றது. 2007 மார்ச்சில் யூபிஎஸ்ஸும் விலகியது. ஏ380இன் சரக்கு வடிவம் பிறக்காமலேயே கைவிடப்பட்டது.

*

ஒன்றாக்கும் வேலை கடைசியில் நெருக்கடியின் பெயரால்தான் நடந்தது. 2007 பிப்ரவரி 28 அன்று ‘பவர்8’ என்ற சீரமைப்புத் திட்டம் வெளியாயிற்று. நாடுவாரியாக அமைந்திருந்த எட்டு உற்பத்தி மையங்களுக்குப் பதிலாக, நாட்டெல்லைகளைக் கடந்த நான்கு மையங்கள். உடற்பகுதி என்றால் எந்த ஊரில் செய்தாலும் ஒரே தலைமை, ஒரே முறை. 2001இல் செய்திருக்கவேண்டியது. விலை மட்டும் இப்போது கூடிவிட்டது: நான்கு ஆண்டுகளில் 10,000 பணியிடங்கள் குறைப்பு. அதில் பாதி நிரந்தர ஊழியர்கள், பாதி ஒப்பந்தத் தொழிலாளர்கள். எந்த நாட்டில் எத்தனை என்பதிலும், அடுத்த விமானமான ஏ350இல் யாருக்கு எந்தப் பாகம் என்பதிலும் பிரெஞ்சு, ஜெர்மன் தரப்புகள் உடன்படாததால் இந்த அறிவிப்பே ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போயிற்று. பிரான்சில் 4,300, ஜெர்மனியில் 3,700 என்று கணக்குப் போட்டார்கள். இரு நாடுகளிலும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வயரை அளந்த கைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கும்.

ஜூலை 16 அன்று சர்க்கோஸியும் மெர்க்கலும் துலூஸில் சந்தித்து இரட்டைத் தலைமையை ஒழித்தார்கள். ஈஏடிஎஸ்ஸுக்குத் தலைமை நிர்வாகி ஒருவரே, கல்வா. தலைவர் ஒருவரே, ஜெர்மானியரான ரூடிகர் க்ரூப. ஏர்பஸ்ஸின் பொறுப்பு தாமஸ் எண்டர்ஸுக்கு. பங்கீடு அப்போதும் மறக்கப்படவில்லைதான். ஆனால் ஒரு நாற்காலியில் ஒருவர் என்ற நிலையாவது வந்தது. ஏ350 தொடக்கத்திலிருந்தே ஒரே பதிப்பில், எல்லாத் தளங்களும் வெளி நிறுவனங்களும் பகிர்ந்துகொண்ட ஒரே கணினி உருமாதிரியில் வடிவமைக்கப்பட்டது. அது 2013 ஜூனில் பறந்தது, 2014 டிசம்பரில் கத்தார் ஏர்வேஸுக்குக் கைமாறியது. தாமதங்கள் அதற்கும் உண்டு, ஆனால் ஏ380இன் வயரிங் குழப்பம் மறுபடி நிகழவில்லை. ஈஏடிஎஸ் என்ற பெயரே 2014இல் மறைந்து நிறுவனம் முழுவதும் ஏர்பஸ் ஆயிற்று.

வயர் குழப்பம்தான் ஏ380ஐக் கொன்றது என்று சொல்வது மிகை. இரண்டே எஞ்சின்களுடன் நீண்டதூரம் பறக்கும் சிக்கனமான விமானங்கள் வந்தபின் நான்கு எஞ்சின் பெருவிமானத்துக்குச் சந்தை சுருங்கியது. 2019 பிப்ரவரி 14 அன்று உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் எமிரேட்ஸுக்கு அளிக்கப்பட்டதே கடைசி. மொத்தம் 251. போட்ட முதல் திரும்பவில்லை. இன்னும் இரண்டு ஆண்டு முன்னதாக, சரக்கு வடிவத்தோடு, சந்தைக்கு வந்திருந்தால் எவ்வளவு விற்றிருக்கும் என்பது ஊகம்தான். ஒருங்கிணைந்த ஒரே நிறுவனமான போயிங்கின் 787உம் இதே ஆண்டுகளில் இரண்டு ஆண்டுக்கு மேல் தாமதமானது, வேலையை வெளியாருக்கு அளவுமீறிப் பிரித்துக்கொடுத்ததால். அதைத் தனியே எழுதவேண்டும்.

கையால் வயரிங் செய்யப்பட்ட விமானங்கள் சுமார் 25. அவற்றை முதல் அலை என்று ஏர்பஸ்ஸில் அழைத்தார்கள். ஒரே அச்சில் வார்த்ததாக அல்லாமல் ஒவ்வொன்றும் உள்ளே சற்று வேறாக இருந்தது. அவற்றில் முதலாவதை 2007 அக்டோபர் 15 அன்று துலூஸில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெற்றுக்கொண்டது. பத்து நாள் கழித்து அது சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு 455 பயணிகளுடன் பறந்தது; இருக்கைகள் அறக்கொடைக்காக ஏலத்தில் விற்கப்பட்டிருந்தன. பத்தாண்டு பறந்தபின் குத்தகை முடிந்து திரும்பிய அந்த விமானத்தை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ ஆள் கிடைக்கவில்லை. பிரான்சின் தார்ப் நகரில், அது உருவான துலூஸுக்கு இரண்டு மணிநேரச் சாலைத் தொலைவில், உதிரிப் பாகங்களுக்காகப் பிரித்தெடுத்தார்கள்.